செஞ்சி தன் படைக்குச் செய்த மரியாதை

(செஞ்சிச் சீமையின் வரலாறு: பகுதி 17)

முகலாயத் தளபதி சுல்பிகர் கான் ஏறத்தாழ எட்டாண்டுக் காலம் செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்து கிடந்து 1698-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனைக் கைப்பற்றியதையும், சிவாஜியின் இளைய குமாரர் இராஜாராம் அதற்குச் சற்று முன்னரே அங்கிருந்து தப்பி மகாராஷ்டிரம் சேர்ந்ததையும், பின்னர் புந்தேலகண்டத்து இராஜபுத்திரரான சொரூப சிங் ஔரங்கசீப்பின் ஆணையால் இக்கோட்டைக்குக் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, வந்து அமர்ந்ததையும் சென்ற பகுதியில் கண்டோம். அடுத்து வரவேண்டியது அவருடைய புதல்வர் தேஜ் சிங், நம் ஜனங்களின் நாவில் தேசிங்கு ராஜன், 1714-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ஆம் நாள் ஆர்க்காட்டு நவாபின் சேனையோடு பொருது மடிந்த சரித்திரமே. ஆயினும் அப்போர் ஒரே பகலில் முடிந்துவிட்ட போர். அதில் வீழ்ந்த சிறு படைக்கு இச்சீமை செய்துவரும் மரியாதையோ முந்நூறு ஆண்டுகளைக் கடந்தும் முடியவில்லை. ஆகையால் போரைச் சுருக்கமாகவும், மரியாதையைச் சற்று விரிவாகவும் சொல்வதே இப்பகுதிக்குப் பொருத்தம் என்று எண்ணுகிறேன்.

இச்சீமையின் மக்கள் ஊர்வலம் என்பதை முதன்முதல் அறிந்தது அரசர்களிடத்தில் அன்று, அம்மனிடத்தில்தான். செஞ்சிக்கு வடக்கே மேல்மலையனூரில் மாசி மாதத்து மகா சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளபரமேஸ்வரி சந்நிதியிலிருந்து மயானத்தை நோக்கிப் புறப்படும் ஊர்வலத்தைக் கண்டவர்களுக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. பம்பையும் உடுக்கையும் செவிகளை நிறைக்க, அம்மனின் உக்கிர வேடம் தரித்த பக்தர்கள் முன்னே ஆவேசித்துச் செல்ல, விளைந்த தானியமும் காய்கனியும் சமைத்த அன்னமும் நாணயமும் மயானத்தில் வாரி இறைக்கப்படும் அந்த மயானக் கொள்ளை, ஒரு திருவிழா என்பதைக் காட்டிலும் தேவி ஒருத்தியின் படையெழுச்சி என்றே தோன்றும். பிரம்ம கபாலம் சிவபெருமான் கையினின்று நீங்கிய புராணத்தை அதற்குக் காரணமாகக் கூறுவர். புராணம் எவ்வாறாயினும், பகையை நோக்கி ஊர் திரண்டு செல்லுவதும், தலைமையில் தேவி செல்லுவதும், இறுதியில் எல்லோர்க்கும் அன்னம் இறைக்கப்படுவதும் இம்மண்ணின் பழகிய முறை.

அரசர்கள் அம்முறையையே தம் படைக்கும் கைக்கொண்டார்கள். விஜயநகரத்து மகாநவமியை 1520-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நேரில் கண்ட போர்த்துக்கேய யாத்திரிகர் தொமிங்கோ பாயஸ், ஒன்பது நாள் தேவி பூஜை முடிந்தபின் கிருஷ்ணதேவராயர் நகருக்கு வெளியே தம் சேனையைப் பார்வையிட்ட காட்சியை வியந்து வியந்து எழுதியிருக்கிறார். குதிரைகளுக்குக் கவசமும் பட்டும், யானைகளுக்குச் சித்திரப் போர்வையும், கேடயம் தாங்கியவர்க்குப் பொன்வேலைப்பாடும் அணிந்து, நாயகர்களின் சேனைகள் அணியணியாக வழிநெடுக நிற்க, அரசர் அவ்வணிகளின் நடுவே குதிரைமீது சென்றார் என்றும், அவர் கடந்துசெல்லும்போது எழுந்த ஆரவாரத்தில் மலைகளும் அதிர்ந்தன போலும் என்றும் அவர் கூறுவது, அந்நியர் ஒருவரின் வியப்பாயினும் நம்பத்தக்கதே. தேவியின் திருவுருவமும் அந்த இடத்திற்கு எழுந்தருளச் செய்யப்பட்டது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஆயுதங்களைக் கழுவிச் சந்தனமிட்டுப் பூஜிக்கும் நாளும், ஆயுதம் ஏந்துவோரை நகரம் கண்கொண்டு பார்க்கும் நாளும் ஒன்றையொன்று தொட்டு நின்றன. விஜயநகரத்தின் கிளைகளாகத் தமிழகத்தில் வேரூன்றிய செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்க ராஜ்யங்கள் இவ்வைபவ மரபையும் உடன்கொண்டே வளர்ந்தன.

செஞ்சியில் அவ்வகைப் படையணி ஒன்றைக் கண்டு எழுதிவைத்தவரும் ஓர் அந்நியரே. பதினாறாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், ஏசுசபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமெந்தா சிதம்பரத்தின் வழியாக இங்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களிலெல்லாம் பெரியது செஞ்சியே என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டு நகரம் எதுவும் இதற்கு ஈடாகாது என்றும் அவர் எழுதியதை முன்னொரு பகுதியில் எடுத்துக் காட்டியிருக்கிறேன். இங்கு வேண்டுவது அவர் கண்ட சேனை. கோட்டையின் உள்முற்றத்தில் பிரபுக்களின் இளம் புதல்வர்கள் ஆயுதப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்களாம். பீரங்கிகளும் மருந்தும் குண்டும் மிகுதியாகச் சேமிக்கப்பட்டிருந்தனவாம். பின்னர் நாயக்கர் கோட்டையினின்று தம் அரண்மனைக்குத் திரும்பிய பவனியில், கோட்டை வாயில் தொடங்கி அரண்மனை வரையில் வீதியின் இருமருங்கிலும் ஆயுதபாணிகள் நின்றார்கள், போர்க்கோலம் பூண்ட முந்நூறு யானைகள் நின்றன, அரண்மனை வாயிலில் ஒருவர் முன்வந்து அரசரின் புகழை எடுத்துரைத்தார் என்பது அப்பாதிரியாரின் சாக்ஷி.

இன்று புதுச்சேரி வாயிலின் பக்கம் நின்று ராஜகிரியை நோக்குகிறவர்கள், அடிவாரத்துக் களஞ்சியமும் கல்யாண மஹாலும் குதிரை லாயங்களும் வெற்று வெளியில் தனித்து நிற்பதையே காண்பார்கள். அவ்வெளி முழுவதும் ஒரு காலத்தில் மாடமும் கடையும் மனிதக் குரலுமாக இருந்த வீதி என்பதையும், அவ்வீதியில் முந்நூறு யானைகள் நிறுத்த இடம் இருந்தது என்பதையும் மனத்தில் வாங்கிக்கொள்ளப் பெருமுயற்சி வேண்டும். ஆனால் பிமெந்தாவின் எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது என் மனத்தில் ஊன்றியது யானைக் கணக்கு அன்று. அந்த அணிவகுப்பில் நாயக்கர் இருக்கிறார், சேனை இருக்கிறது, புகழ்பாடுபவர் இருக்கிறார். ஊர் ஜனங்கள் எங்கே நின்றார்கள், என்ன செய்தார்கள் என்பது அவ்வெழுத்தில் இல்லை. அந்தப் படையின் நாயகர் ஒருவர் பெயரையும் செஞ்சிச் சீமையின் பாட்டு எதுவும் தாங்கி நிற்கவில்லை. அரசன் தன் பிரதாபத்தைக் காட்டிக்கொள்ள நிறுத்திய படை அது. ஊரின் நெஞ்சில் அதற்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அதன்பின் நூறாண்டுக் காலத்தில் செஞ்சியின் வாயில்களுக்குள் புகுந்த படைகளைக் கூறினால், அது ஒரு நகரத்தின் துயரக் கணக்காகவே இருக்கும். பீஜப்பூர் சுல்தானின் சேனை வந்தது. 1677-இல் சிவாஜியின் மராட்டியர் வந்து, கோட்டையைப் புதுக்கி வலுப்படுத்தினார்கள். முகலாயர் வந்தார்கள். ஒவ்வொரு படை வரும்போதும் சுற்றுப்புறத்து வயல் மேய்ச்சற்காடாயிற்று, ஏரிக்கரை பாசறையாயிற்று, வணிகன் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு கடற்கரை ஊர்களை நோக்கி நடந்தான். வெற்றிபெற்றோர் வெற்றி முழக்கம் செய்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. அம்முழக்கத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்து கேட்டவர்களே செஞ்சி மக்கள்.

இத்தகைய ஊரில்தான் தேசிங்கு ராஜன் வந்து சேர்ந்தான். தகப்பனார் காலமான செய்தி கேட்டுப் புந்தேலகண்டத்தினின்று புறப்பட்டு வந்த அவ்விளைஞன், மொழியாலும் உடையாலும் இம்மண்ணுக்கு அந்நியன். அவனுடைய குதிரைவீரர்களிற் பலரும் அவ்வாறே. தந்தைக்கு அளிக்கப்பட்ட உரிமை தனக்கு உண்டு என்று அவன் கருதினான். செலுத்தப்படாத கப்பப் பாக்கியைக் கேட்டு, அவ்வுரிமையை ஏற்க மறுத்தார் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான். நவாபின் பெருஞ்சேனை செஞ்சியை நோக்கிப் புறப்பட்டது. தேசிங்கிடம் இருந்தவை சில நூறு குதிரைகளும் சில நூறு காலாட்களும் மாத்திரமே. கோட்டைக்குள் இருந்துகொண்டே பல மாதம் தாக்குப்பிடித்திருக்கலாம். எட்டாண்டு தாக்குப்பிடித்த கோட்டைதான் அது. அவனோ வெளியே சென்று எதிர்கொள்ளத் துணிந்தான். இதனை அறிவின்மை என்று கூறும் வரலாற்றாசிரியரும் உண்டு. போர்த்தந்திரம் என்ற அளவில் அவர்கள் கூறுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் சுற்றுப்புறக் கிராமங்கள் பகைவனின் கையில் சிக்கிச் சீரழிந்து கிடக்க, மலைமேல் இருந்துகொண்டு நாள் கடத்த மனமில்லாத இளமையை இச்சீமையின் குடியானவன் வேறுவிதமாகவே பார்த்தான்.

போருக்குப் புறப்படுமுன் தேசிங்கு, செஞ்சிக்கு அடுத்த சிங்கவரத்துக் குகைக்கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதரிடம் விடைகேட்கச் சென்றான் என்பது ஐதிகம். குன்றைக் குடைந்து சமைத்த அக்கோயிலில் பெருமாள் பேருருவாய்ச் சயனித்திருக்கிறார். திருமுகம் சற்றே திரும்பியிருப்பதைக் காட்டி, அன்று போகாதே என்று உணர்த்தவே பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று இன்றும் அங்கு வருவோர்க்குச் சொல்லுகிறார்கள். பல்லவர் காலத்துச் சிற்பி ஒருவன் செதுக்கிய முகத்திற்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் துக்கத்தைக் காரணமாகக் கூறுவது சரித்திர விதிக்கு ஒவ்வாது. ஆனாலும் ஒரு படையின்மீது ஊருக்கு இருந்த பரிவை அளந்தறிய இதைக் காட்டிலும் நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. தெய்வமே கண்கொண்டு பார்க்கப் பொறாத புறப்பாடு அது என்று ஜனங்கள் எண்ணினார்கள்.

வராக நதியில் வெள்ளம். ஐப்பசியை நெருங்கும் காலத்தில் அது இயல்பே. நதியைக் கடந்து எதிர்க்கரை சேர்ந்தவர்கள் சிலரே. தேசிங்கின் உயிர்த்தோழனான மகபத்கான், கதைப்பாட்டின் வாக்கில் மாவுத்துக்காரன், தனக்கு நிச்சயித்திருந்த விவாகத்தை விட்டுப் போர்முனைக்கு வந்தவன், அங்கே வீழ்ந்தான். நவாபின் சேனைக்குள் பாய்ந்து யானைமீதிருந்தவர்களையும் தாக்கிய தேசிங்கும், அவன் குதிரை கால் வெட்டுண்டு விழுந்தபின், குண்டடிபட்டு வீழ்ந்தான். கதைப்பாட்டோ அவனைப் பகைவன் கையால் சாகவிடுவதில்லை. தோழன் மாண்டதை அறிந்து தன் வாளையே வானில் எறிந்து மார்பில் ஏற்று மாண்டான் என்று அது முடிக்கிறது. கில்லேதாரின் மகன் என்ற பட்டத்திற்கும் இத்தகைய மரணத்திற்கும் இடையே உள்ள தூரத்தைச் சில மாதங்களில் கடந்துவிட்டான் அவன்.

இனி மரியாதைக்கு வருவோம். முதல் மரியாதையைச் செய்தவர் வென்றவரே என்பது கவனிக்கத்தக்கது. வீழ்ந்தவனின் உடலைக் களத்தில் விட்டுவிடாமல் செஞ்சிக்குக் கொண்டுவரச் செய்து, அவன் குலத்துக்குரிய முறைப்படி தகனம் செய்வித்தார் சாதத்துல்லா கான். செட்டிக்குளத்தின் கரையில் உள்ள மேடை ஒன்றை அத்தகனம் நிகழ்ந்த இடமாகக் காட்டுவர். அவனுடைய இளம் மனைவியும் அச்சிதையிலேயே உயிர்நீத்தாள். அக்கொடிய வழக்கத்தை நாம் போற்றுவதற்கில்லை. அவ்விளம்பெண்ணுக்காக நெஞ்சு வருந்துவதே முறை. அவள் நினைவாகவே பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை அமைந்தது என்பர். நவாபின் சேனை வெற்றிக்களிப்பில் நகருக்குள் நுழைந்தபோது, கூடவே பகைவனின் சவமும் அதே வாயில் வழியாக மரியாதையோடு நுழைந்திருக்கிறது. படைகளின் பவனி எத்தனையோ கண்ட செஞ்சி இப்படியொரு பவனியை அதற்குமுன் கண்டிருக்கமாட்டாது.

இரண்டாவது மரியாதை ஊர் செய்தது. அதற்கு முரசில்லை, கொடியில்லை, ஆணையிட அதிகாரி இல்லை. நீலாம்பூண்டியிலும் கடலியிலும் மகபத்கானுக்கும் குதிரைக்கும் உரிய சமாதிகள் இவை என்று காட்டி, உழுகிற நிலத்தின் நடுவே அவ்விடங்களைத் தலைமுறை தலைமுறையாக ஏர்முனை படாமல் விட்டுவைத்தார்கள். அடக்கமான தோழனின் பெயரோடு அவன் ஏறிய நீலவேணியின் பெயரையும், தேசிங்கு ஏறிய பாராசாரியின் பெயரையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். புந்தேலகண்டத்து இந்துவும் ஒரு முஸல்மானும் ஒரே களத்தில் ஒருவருக்காக ஒருவர் மாண்டதைத் தமிழ்க் கதைப்பாட்டாகப் பாடினார்கள், தெருக்கூத்தாக ஆடினார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்கு வண்டி கட்டிச் சென்ற குடும்பங்கள், ஊஞ்சல் உற்சவத்திற்காக நள்ளிரவு வரையில் விழித்திருந்த காலங்களில், கடைத்தெருவில் பெரிய எழுத்துப் புத்தகமாக விற்ற கதைகளில் தேசிங்கு ராஜன் கதையும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அரிக்கேன் விளக்கடியில் ராகம் இழுத்து வாசிக்க, சுற்றியிருந்த கிழவிகள் குதிரையின் கால் வெட்டுண்ட இடம் வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கூத்தில் அவ்விடத்தை ஆடுவோர் முழங்காலில் மண்ணை அழுத்திக்கொண்டு களரியைச் சுற்றிவருவதும், மத்தளக்காரர் அடியைத் தளர்த்தித் தளர்த்தி நிறுத்துவதும் வழக்கம்.

ஏன் இந்தப் படைக்கு மாத்திரம்? மராட்டியர் எட்டாண்டு பொருதார்கள்; அவர்களின் வீரம் குறைந்ததன்று. அண்மையில், 2025-ஆம் ஆண்டு ஜூலையில், யுனெஸ்கோ நிறுவனம் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்றாக இடம்பெற்றது அவர்களின் கைவண்ணத்தாலேயே. ஆயினும் ஊர் பாடுவது அவர்களை அன்று. என் கருத்தில், ஒரு படை தன்னைக் காக்கக் கோட்டைக்குள் புகுவதற்கும், ஊரைக் காக்கக் கோட்டையை விட்டு வெளியே வருவதற்கும் உள்ள வேற்றுமையை ஜனங்கள் மறப்பதில்லை. தேசிங்கின் படை வெளியே வந்தது. அது தோற்றுப்போன படை என்பதும் அவர்களுக்கு ஒரு பொருட்டாயிருக்கவில்லை.

ஊருக்கும் படைக்கும் உள்ள உறவு எந்நாட்டிலும் இப்படித்தான் அச்சத்தில் தொடங்கி மெல்ல மெல்ல மாறுகிறது. இங்கிலாந்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. ஆயுதம் தாங்கிய படை லண்டன் மாநகர எல்லைக்குள் நுழைய நகரத் தலைவரின் இசைவு வேண்டும் என்பது பழைய வழக்கு. பட்டாளத்தைக் கண்டு பயந்த வணிகர்கள் வகுத்துக்கொண்ட காவல் அது. அந்தக் காவலைத் தளர்த்தி, தனக்கு நெருக்கமான ஒரு ரெஜிமெண்டு மாத்திரம் முரசு முழங்க, கொடி பறக்க, துப்பாக்கி முனையில் கத்தி செருகியபடி வீதியில் நடந்துசெல்லலாம் என்று நகரசபை உரிமை வழங்குவதே அங்கு மிகப்பெரிய கௌரவமாயிற்று. பின்னர் பல நகரங்கள் தத்தம் வட்டாரத்து ரெஜிமெண்டுக்கு அவ்வுரிமையை அளித்து, அந்நாளில் வீதிகளில் திரண்டு நின்று கைதட்டி வரவேற்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டவர்கள் தாமே கதவைத் திறப்பதுதான் அச்சடங்கின் சாரம்.

நம் பக்கத்தில் ஊர்ப்பிள்ளைகளே நிறைந்த ரெஜிமெண்டு என்பது ஆங்கிலேயக் கம்பெனியின் காலத்தில் உருவாயிற்று. 1758-இல், பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்த வேளையில், சிதறிக்கிடந்த சிப்பாய்க் கூட்டங்களை ஸ்டிரிங்கர் லாரன்ஸ் பட்டாளங்களாக வகுத்தார். இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்டு தன் பிறப்பை அவ்வாண்டிலிருந்தே எண்ணுகிறது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், அந்நாளில் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த செஞ்சியும் ஆங்கிலேயக் கேப்டன் ஸ்மித்தின் சேனைக்குப் பணிந்தது. அச்சேனையில் தமிழ் பேசும் சிப்பாய்கள் இருந்தார்கள். உள்ளே பிரெஞ்சுக்காரருக்காகக் காவல் நின்றவர்களிலும் இருந்தார்கள். அண்ணனும் தம்பியும் போன்றவர்கள் இரு ராஜாக்களின் சம்பளத்திற்காக ஒரே மதிலின் இருபுறமும் நின்ற அந்த நாளுக்கு யார் பாட்டுக் கட்டுவார்கள்? ஒருவரும் கட்டவில்லை.

1803 செப்டம்பர் 23-இல் தக்காணத்து அஸ்ஸாயி களத்தில் சிந்தியாவின் பீரங்கிகளை எதிர்த்து மெட்ராஸ் சிப்பாய்கள் முன்னேறிய தீரத்திற்காக, கவர்னர் ஜெனரல் அப்பட்டாளங்களுக்கு அஸ்ஸாயி என்ற பெயரும் யானையின் உருவும் பொறித்த கௌரவக் கொடிகளை வழங்கினார். அன்று படை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லியே பிற்காலத்து வெலிங்டன் பிரபு. அவர் பெயரைத் தாங்கிய நீலகிரி வெலிங்டனில்தான் இன்று மெட்ராஸ் ரெஜிமெண்டின் தலைமைப் பயிற்சி மையம் இருக்கிறது. அந்த யானையே இன்றும் அதன் சின்னம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தென்னாட்டார் போர்க்குணம் அற்றவர்கள் என்ற ஆதாரமற்ற கொள்கையை ராபர்ட்ஸ் முதலிய தளபதிகள் பிடித்துக்கொண்டு, மெட்ராஸ் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். 1920-களில் அவை ஏறத்தாழ இல்லாமலே போயின. இரண்டாம் உலகப்போர் மூண்டபின், ஆள் வேண்டும் என்ற நெருக்கடியில், ரெஜிமெண்டு மீண்டும் எழுப்பப்பட்டது. அதில் சேர்ந்து பர்மாக் காடுகளிலும், நாடு விடுதலையடைந்தபின் காஷ்மீர் மலைகளிலும் பொருதவர்கள், கொள்கை எழுதியவர்களுக்கு எழுத்தால் மறுமொழி சொல்லவேண்டிய அவசியம் இல்லாமற் செய்துவிட்டார்கள். ராணுவத்தில் அவர்களைத் தம்பிகள் என்றே அழைப்பது வழக்கம்.

வெலிங்டனில் பயிற்சி முடிந்த இளைஞர்கள் சத்தியப் பிரமாணம் செய்யும் அணிவகுப்பு, ஊரும் பட்டாளமும் சந்திக்கும் இடங்களில் முக்கியமானது. மைதானத்தில் ரெஜிமெண்டின் கொடி நடுவே வருகிறது. அவரவர் சமயத்துப் புனித நூலைத் தாங்கிச் சமயகுருமார் நிற்கிறார்கள். கீதையும் குர்ஆனும் பைபிளும் ஒரே வரிசையில் வருகின்றன. தேசிங்கும் மகபத்கானும் கைகோத்து நின்ற சீமையில் பிறந்தவனுக்கு அந்த வரிசை எத்தனை நெஞ்சை நிறைக்கும் என்பதைச் சொல்லவேண்டுமோ! அணிவகுப்பு முடிந்ததும், வேட்டியும் சேலையுமாக மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோரை அழைத்து, நாட்டுக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்கள் என்று அவர்கள் நெஞ்சில் பதக்கம் அணிவிக்கிறார்கள். மலைக்குளிருக்குக் கம்பளி சுற்றிக்கொண்டு வந்த தாய் ஒருத்தி, பதக்கத்தைப் பார்ப்பதை விட்டு, மகன் கன்னத்து எலும்பு துருத்தியிருப்பதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எங்கள் வடமாவட்டங்களில் பட்டாளத்துக்காரர் இல்லாத கிராமம் அரிது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். இப்பக்கத்து ஊர்களில் அண்மைக் காலத்தில் பரவியிருக்கும் ஒரு பழக்கத்தை, வருங்காலச் சரித்திரக்காரர்களுக்காகக் குறித்துவைக்க விரும்புகிறேன். எல்லையில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஊர் திரும்பும் நாளில், ஊரே பஸ் நிறுத்தத்திற்கோ ரயிலடிக்கோ சென்று, மாலையிட்டு, மேளம் கொட்டி, அவரை நடத்தி அழைத்துவருகிறது. பள்ளிப்பிள்ளைகள் காகிதக் கொடி பிடித்து முன்னே செல்கிறார்கள். தெருவின் இருமருங்கிலும் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார்கள். அவர் தம் வீட்டை அடைவதற்குள், பள்ளிக்கூட வாசலில் நின்று பழைய வாத்தியாரை வணங்குகிறார், அம்மன் கோயிலில் தேங்காய் உடைக்கிறார், இளம் பையன்கள் கேட்கும் ஆள்சேர்ப்புக் கேள்விகளுக்கு நடந்துகொண்டே பதில் சொல்லுகிறார். ஒரே ஒருவர் நடக்கும் அணிவகுப்பு அது. பிமெந்தா கண்ட வரிசையில் சிப்பாய்கள் நின்றார்கள், அரசன் நடந்தான். இங்கே சிப்பாய் நடக்கிறான், ஊர் வரிசையாக நிற்கிறது. அரசாங்கம் ஆணையிடாமல் ஜனங்கள் தாமே கண்டுபிடித்த இந்த மரியாதைக்கு நீலாம்பூண்டிச் சமாதிகளை ஏர்முனை படாமல் காத்த அதே மனமே வேராகும் என்று நான் நம்புகிறேன்.

செஞ்சிக்குத் தென்கிழக்கே புதுச்சேரியில் வேறொரு மரியாதை உண்டு. முதல் உலகப்போரில் பிரான்சுக்காகப் பொருது மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்குக் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் எழுப்பி 1938-இல் திறந்துவைத்தார்கள். அதனடியில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14-இல் மலர்வளையம் வைக்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற சொல்தாக்கள், இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பெற்ற பதக்கங்களைக் கோட்டின் மார்பில் வரிசையாகக் குத்திக்கொண்டு, முதுகு நிமிர்த்தி வந்து நிற்பார்கள். பிரெஞ்சு தேசிய கீதமும் நமது தேசிய கீதமும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். அவர்களிற் பலரும் நம்மைப் போலத் தமிழ் பேசி, தமிழ்ச் சோறு உண்டு வளர்ந்தவர்களே. யாருக்காகப் பொருதார்கள் என்ற கேள்வியை எழுப்பி அம்முதியவர்களின் மரியாதையைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. வறுமையும் வம்சவழக்கமும் ஒருவனைக் கப்பலேற்றுகின்றன; ஏறியபின் அவன் காட்டும் தீரம் அவனுடையதே.

அச்சின்னத்திற்கு அருகே, காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து உயர்ந்து நிற்கும் கருங்கல் தூண்களை உல்லாசமாக நடந்துசெல்வோர் கவனித்திருப்பார்கள். அவை செஞ்சியின் தூண்கள். பிரெஞ்சுக்காரர் இக்கோட்டையைக் கைக்கொண்டிருந்த காலத்தில் பெயர்த்துக் கொண்டுபோனவை. நாயக்கர் காலத்துச் சிற்பி மண்டபத்திற்காகச் செதுக்கிய அக்கொடிகளும் யாளிகளும், இன்று குடியரசு நாட்டின் அணிவகுப்புகள் கடந்துசெல்லும் கடற்கரையில் உப்புக்காற்று வாங்கிக்கொண்டிருக்கின்றன. செஞ்சிக்கு அவை திரும்ப வருமா என்பது தெரியாது. ஆனால் செட்டிக்குளத்து மேடைக்கு ஒரு சிறு கல்வெட்டாவது வேண்டும். நீலாம்பூண்டிக்குப் போகும் வழியைக் காட்ட ஒரு பலகையாவது வேண்டும். முந்நூறு ஆண்டுகள் எழுத்தில்லாமல் காத்த ஜனங்களுக்குப் பிறகு வருகிறவர்கள் பட்டணங்களில் படித்து வளருகிறார்கள். அவர்களுக்கு எழுத்து வேண்டியிருக்கும்.

அத்தூண்களைப் பெயர்க்கும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர்க்குத் தந்த நிகழ்ச்சி 1750-ஆம் ஆண்டு செப்டம்பரில் நேர்ந்தது. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய இக்கோட்டைக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் எவ்வாறு நுழைந்தான் என்பதையும், அச்செய்தி புதுச்சேரியை எட்டியபோது அங்கு நிகழ்ந்தவற்றை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எவ்வாறு பதிந்தார் என்பதையும் அடுத்த பகுதியில் காண்போம்.